கூவம் கரைச் சிலைக்கு யார் முகம்

எங்கள் நகரை உண்டாக்கியவருக்கு ஆற்றங்கரையில் சிலை வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். முதலில் கை தட்டியது நான்தான். அந்தப் பேச்சு முடிந்தால்தான் சமோசாத் தட்டு உள்ளே வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நகர் என்றதும் கோட்டை கொத்தளம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, கூவம் வளைந்து போகிற இடத்தில் ஐந்து தெரு. இப்போது மூன்று அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. நாங்கள் வந்தபோது முள்ளுக்காடு. அதற்கு முன்னால் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆண்கள் ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். அப்புறம் எங்கே போவது என்று எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். எதிர் வீட்டு ஃபிட்டர் ஒருவர் மட்டும் கவலைப்படாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றினார். அவர்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கயிறு பிடித்துத் தெரு அளந்தார். ஆற்றை ஒட்டி யாரும் வீடு கட்டக்கூடாது என்று நீளமாக ஒரு துண்டு நிலத்தைச் சங்கத்துக்கென்று விட்டுவைத்தார். சிலை வைப்பதாகச் சொன்னது அந்த இடத்தில்தான்.

என் வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. "பாம்பு குடியிருக்குற எடத்துல மன்சன் குடியிருப்பானா?" என்று சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்துபோய்க் கேட்டவர். கடைசியில் மூட்டையோடு மூட்டையாக அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்த முதல் வாரமே சமையலறையில் பாம்பு வந்தது. சாகும் வரைக்கும் அந்த ஒரு பாம்பைச் சொல்லியே என்னை ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டரின் மனைவி எனக்கு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம். நான் பட்டாபிராமில் பிறந்தவள். குவார்ட்டர்ஸில் எதிர் வீடு, இங்கே பக்கத்து வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஃபிட்டர் போன பிறகு அக்கா தனியாக இருந்தாள். வெள்ளம் வந்த வருஷம் அவள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். எங்களுக்கு மாடி உண்டு, அக்காவையும் அரிசியையும் மேலே ஏற்றிவிட்டோம். ஆல்பத்தை ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்ததும் அக்கா அதை மாடி வெயிலில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். கல்யாணப் படம், குற்றாலத்தில் எடுத்தது, சங்கத் திறப்பு விழா, எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஒரு படத்தில் மட்டும் அவருடைய செருப்பு மிச்சம்.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் புரை வந்தது. ஆப்பரேஷன் செய்துகொள்ளச் சொல்லி நான் கேட்காத நாளில்லை.

"இனி பாக்க என்னட்டி இருக்கு? ஒம் மூஞ்சியா?" என்பாள்.

சிலை விஷயம் சொன்ன மறுநாள் காலையில், நான் பல் விளக்கக்கூட இல்லை, வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, அந்தக் கண்ணு டாக்டரு எங்க இருக்காரு?"

*

சங்கத்துச் செயலாளர் புதுக் குடியிருப்புக்காரர். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன், என்ன சொன்னாலும் போனில் குறித்துக்கொள்வான். சிலையின் தலை களிமண்ணில் தயாராகிவிட்டது, மூத்தவர் யாராவது வந்து பார்த்தால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டான். ஃபிட்டரை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் அக்காவும் நானும்தான். மற்றவர்களில் பாதிப் பேர் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டார்கள், பாதிப் பேர் பிள்ளைகள் வரமுடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்குக் கண் தெரியாது. ஆக, நான்.

பட்டறை பூந்தமல்லி போகிற சாலையில். உள்ளே போனால் தலையில்லாத தலைவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு, வலது கை மேலே. பட்டறைக்காரர் ஒன்றின் முதுகில் தட்டிக் காட்டினார்.

"ஒடம்பு நம்மகிட்ட எப்பவும் ரெடி ஆயா. தல மட்டும்தான் புச்சா செய்வோம். ஒங்களுக்கு எடது கையில சுருட்டுன பேப்பர் வெச்சிருக்கேன். மேப்புன்னு நெனச்சிக்கோ."

"அவரு ஆயுசுல வேட்டி கட்டல நைனா. காக்கி பேன்ட்டு, சைக்கிள் கிளிப்பு."

"சைக்கிள் கிளிப்புக்கு யாரு ஆயா மாலை போடுவாங்க?"

அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். அவர் ஈரச் சாக்கை எடுத்தார். ஒரு முக்காலி மேல் களிமண் தலை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காது இரண்டும் முறம் மாதிரி விரிந்திருந்தன.

என் வீட்டுக்காரர்.

செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பூந்தமல்லி ரோட்டில் ஒரு முக்காலி மேல் உட்கார்ந்துகொண்டு, காபி ஆச்சா என்று கேட்கப்போகிற மாதிரி என்னைப் பார்க்கிறார்.

"எப்படீங்க பாட்டி, ஒத்துப்போகுதுங்களா?" என்றான் செயலாளர்.

"இந்த மூஞ்சி எங்கேந்து வந்துச்சி?"

சங்கத்துப் பழைய ஃபைலில் ஃபிட்டருடைய வாக்காளர் அட்டையின் நகல் இருந்ததாம். அதைப் பெரிதாக்கிக் கொடுத்தானாம். பட்டறைக்காரர் அதையும் எடுத்துக் காட்டினார். "புருவம்கூடத் தெரில ஆயா, நானாத்தான் வெச்சேன். ஆனா இந்தக் காதும் வாயும் நல்லா விழுந்து கீது."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அட்டைக்குப் படம் எடுத்த அன்று பள்ளிக்கூடத்தில் வரிசை. ஃபிட்டர், அவர் பின்னால் என் வீட்டுக்காரர், அவர் பின்னால் நான். என் வீட்டுக்காரர் "எட்த்தாச்சா?" என்று கேட்கும்போது எடுத்துவிட்டார்கள், அதனால்தான் வாய் திறந்திருக்கிறது. அட்டை போட்டபோது படம் யார் கையில் மாறிற்றோ, ஃபிட்டர் பெயருக்கு என் வீட்டுக்காரர் முகம், என் வீட்டுக்காரர் பெயருக்கு ஃபிட்டர் முகம். திருத்தப் போனால் லீவு போட வேண்டும். பூத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள், அட்டைப் படத்தைப் பார்த்தா சீட்டுக் கொடுத்தார்கள்? ஃபிட்டர் சிரித்தார். "ஏ மொகரய வச்சு நீரு ஓட்டுப் போடும், ஒம்ம மொகரய வச்சு நா போடுதேன். எவன் செயிச்சு என்ன செஞ்சாலும் பழி மாறி விழட்டும்." இரண்டு பேரும் கடைசி வரைக்கும் அப்படியேதான் ஓட்டுப் போட்டார்கள்.

இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"ரொம்பப் பொருத்தம்" என்றேன். "வாய மட்டும் மூடிக்கினா தேவல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், சந்தோஷம். இந்த ஊரே வேண்டாம் என்று நின்ற மனுஷன், ஊரை உண்டாக்கியவர் என்று கை தூக்கிக்கொண்டு நிற்கப்போகிறார். வருஷா வருஷம் மாலை போடுவார்கள். ஆட்டோவில் வரும்போது எனக்குத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். செயலாளர் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த ஸ்டுடியோப் படத்தைப் பார்த்து, "யோவ், பாம்பு கடிச்ச எடத்துலயே ஒனக்குச் செல வெக்கறாங்கய்யா" என்றேன். பாம்பு கடிக்கவில்லை, வந்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்லுவார். மூன்று நாள் அந்தச் சந்தோஷத்திலேயே சமைத்தேன், துவைத்தேன். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால்தான் அதற்கு ருசி.

*

ஆப்பரேஷனுக்கு முன்னால் மூன்று நாள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். அக்காவுக்கு நான்தான் விடுவேன். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மருந்து விழுவதற்கு முன்பே கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

"தொறக்கா. கண்ணுக்குத்தான் மருந்து, மூக்குக்கு இல்ல."

"விடு விடு, பேசாம விடு."

மூன்றாவது நாள் மருந்து விட்ட பிறகு எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடியே பேசினாள்.

"ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. அவிய மொகம் எனக்கு வரமாட்டேங்கு."

"இன்னாக்கா சொல்ற?"

"குரலு இருக்கு. சைக்கிள நிறுத்துத சத்தம் இருக்கு. வேல முடிச்சு வாறப்ப சட்டையில வருமே, எண்ணெ வாடை, அதுகூட இருக்கு. மொகத்த நெனச்சா வெள்ளையா வருது, அந்த ஆல்பம் மாதிரி. அதுக்குத்தான் இந்தக் கண்ண அறுக்கச் சொன்னேன். செலயப் பாத்தா வந்துரும்."

நான் சிரிக்கவில்லை. மருந்து பாட்டிலை மூடி ஜன்னலில் வைத்தேன். இவள் கண்ணைத் திறந்துகொண்டு ஆற்றங்கரைக்குப் போவாள். அங்கே என் வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். முகம் மறந்துபோனவள் அதையே தன் புருஷன் முகம் என்று எடுத்துக்கொண்டால்? எடுத்துக்கொள்ளாவிட்டாலும், அங்கே எத்தனை நாள் போய் நின்று தேடுவாள்?

செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பையன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தத் தல எங்க வூட்டுக்காரரு தல."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

"பாட்டி, முதலைக்கு அப்பறம் இது ரெண்டாவதுங்களா?"

முதலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக் குடியிருப்புப் பிள்ளைகள் பந்து எடுக்கிறேன் என்று ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூவத்தில் முதலை வந்திருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் எல்லார் போனிலும் முதலை. யாரோ வேறு எங்கேயோ எடுத்த படத்தையும் போட்டுவிட்டார்கள். வனத்துறை வண்டி வந்தது. அன்றிலிருந்து நான் மழை வருகிறது என்றாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

"மொதல பொய்யி தம்பி. இது நெசம்" என்று அட்டை மாறிய கதையை ஒன்று விடாமல் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த என் வீட்டுக்காரருடைய அட்டையையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். "இத பாரு. இதான் ஃபிட்டரு மூஞ்சி."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். நிதானமாகத் திருப்பினான். என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"பாட்டி, இதுல உங்க வீட்டுக்காரர் பேருங்க போட்டிருக்கு."

"பேரு அவருதுதான். மூஞ்சி இவருது."

"ஃபிட்டர் கார்டுல ஃபிட்டர் பேரு, உங்க வீட்டுக்காரர் கார்டுல உங்க வீட்டுக்காரர் பேரு. இப்ப நீங்க உங்க வீட்டுக்காரர் கார்டைக் குடுத்து, இந்த மொகத்தைச் சிலைக்கு வைங்கன்னு சொல்றீங்க." அட்டையை என்னிடமே நீட்டினான். "உங்களுக்கும் ஆசை இருக்கும், தப்பில்லைங்க. ஆனா நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

என் வீட்டுக்காரரைச் சிலையிலிருந்து இறக்கத்தான் வந்தேன். அவரை ஏற்றப் பார்க்கிறேன் என்கிறான். எழுதியிருப்பதைப் படித்தால் அவன் சொல்வதுதான் சரி.

"அக்காவக் கேளு."

"அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே. நாளன்னிக்கு அச்சு எடுக்கறாங்க பாட்டி."

அச்சு எடுத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது? வீட்டுக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த ஸ்டுடியோப் படத்தை மாலையோடு கழற்றினேன். திரும்பி வந்து அவன் வாசலில் நின்றேன்.

"கெளம்பு. நா சொல்றது பொய்யின்னா இனிமே சங்கத்துல வாயே தொறக்க மாட்டேன்."

அந்த ஆசையில்தான் கிளம்பினான் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரர் அட்டையையும் படிக்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. ஸ்டுடியோப் படத்தின் மாலையை நகர்த்திவிட்டுக் களிமண் தலைக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்புறம் என் கையில் இருந்த அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"சார், மொவம் மாறும். வயசானா கன்னம் தொங்கும், மீச போவும். காது மாறாது. இந்த போட்டோல இருக்கறவரு காதுதான் நான் செஞ்சி வெச்சது. இந்த அட்டையில கீறவருக்குக் காது ஒட்டிக்கினு கீது பாரு. ஆயா சொல்றது கரீட்டு."

செயலாளர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அப்புறம் என் காலைத் தொடக் குனிந்தான். "மன்னிச்சுக்கங்க பாட்டி."

"கால வுடு. மொதலய நீ நம்புனியே, அதுக்கு இது சரியாப் போச்சி."

மண்ணை வீணாக்க மாட்டார்களாம். பட்டறைக்காரர் கம்பியை எடுத்து அதே தலையில் வேலையைத் தொடங்கினார். முதலில் காது. ஒரே இழுப்பில் வழித்துக் கையில் உருட்டிக்கொண்டார். பிறகு மூக்கு. பிறகு அந்தத் திறந்த வாயில் விரலால் மண்ணை வைத்து அடைத்தார். நான் ஸ்டுடியோப் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருதரம் வழியனுப்பியது போதாதா என்று இருந்தது.

*

ஆப்பரேஷன் முடிந்து மறுநாள் அக்காவின் கட்டைப் பிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சிலை திறக்க இன்னும் நாள் இருந்தது. அதுவரைக்கும் அவளைக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. பட்டறைக்காரர் நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் அந்தச் சின்னப் படத்தைச் சுற்றித் தடவினாள். அப்புறம் கேட்டாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"எங்கூட்ல. பொட்டியில."

"எப்பத்துல இருந்து?"

"எப்பவுமே அங்கதான்க்கா கீது."

"வெள்ளத்தப்பவும்?"

"பொட்டி மாடில இருந்துச்சி."

"நான் ஒங்க மாடியிலதான ஆல்பத்தப் பிரிச்சேன்."

பெட்டியிலிருந்து பத்து அடி இருக்கும். அன்றைக்கு அவள் ஒவ்வொரு தாளாகப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அரிசி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவளைச் சிரிக்க வைக்க ஏதேதோ சொன்னேன். அந்தச் செருப்புப் படத்தைக் காட்டி, "பரவால்லக்கா, கால்லயாவது வுழுந்து கும்புடலாம்" என்றேன். அந்த அட்டை எனக்கு ஒரு சிரிப்புக் கதை. அதில் அவள் புருஷன் இருக்கிறார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"தோணலக்கா" என்றேன்.

அக்கா அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த நாலு நாள் சொட்டு மருந்துக்குப் போவேன். கண்ணைத் திறப்பாள், மருந்து விழும், மூடிக்கொள்வாள். மருந்துக்கு முன்னால் கண்ணை மூடுகிற அந்தச் சேட்டையைக்கூட விட்டுவிட்டாள். நாற்பது வருஷத்தில் நாங்கள் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். பேசாமல் இருந்தது இல்லை.

ஐந்தாம் நாள் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். அட்டைப் படத்தை வைத்து முகம் செய்தாகிவிட்டது, பார்த்தவர்கள் யாராவது வந்து திருத்தம் சொல்ல வேண்டும் என்றார்கள். டாக்டர் தூசியில் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். அக்கா கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, அதன் மேல் சேலைத் தலைப்பையும் போட்டு மூடிக்கொண்டு, ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

தலைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பார்த்தாள். எழுந்து கிட்டே போனாள். கேட்காமலே களிமண் கன்னத்தில் கையை வைத்தாள்.

"இங்கன குழி விழணும். பல்லு ரெண்டு கெடையாது அவியளுக்கு. இந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் மட்டும்."

பட்டறைக்காரர் விரலால் அழுத்தினார்.

"இன்னும். ம். போதும். நெத்தி இம்புட்டு அகலம் இல்ல. கண்ணு ஏன் இப்படி மொறைக்கி? அவிய யாரையும் மொறைச்சதில்ல. இமையத் தாழ்த்துங்க."

"செலன்னா கொஞ்சம் கம்பீரமா இருக்கணும்மா."

"கம்பீரத்த ஒடம்புல வச்சிருக்கேளே, அது போதும். மொகத்த எங்கிட்ட விட்டுருங்க."

மதியம் முழுக்க அப்படியே போனது. கை படப் பட முகம் அவளுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மறந்துபோச்சு என்றவள், புருவத்தில் பாதிக்கு மேல் முடி கிடையாது என்று சொன்னாள். அது எனக்கே தெரியாது. நான் ஒரு மூலையில் தலையில்லாத தலைவர் ஒருவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா பேசினாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"அந்த அட்ட இனி எங்கிட்டதான் இருக்கும்."

"வெச்சிக்கக்கா. எங்க வூட்டுக்காரரு பேரு போட்டிருக்குதே, யாராச்சும் பாத்துட்டுக் கேட்டா?"

"கேட்டா, சின்ன வயசுல தெரியாம ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டேன்னு சொல்லிருதேன்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெரிய சத்தமாகத் தும்மி வைத்தேன்.

சிலை திறந்த அன்று பந்தல், மைக், ஆளுயர மாலை எல்லாம் இருந்தன. அக்காவை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச வந்தவர்கள் எல்லாம் சிலைக்கு முன்னால் நின்று பேசியதில், அவளுக்கு மைக் பிடித்தவர்களின் முதுகுதான் தெரிந்தது. ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் போனோம். யாரும் இல்லை. கூவத்தில் ஆகாயத்தாமரை மிதந்துகொண்டிருந்தது, மறுகரையில் ஒரு கொக்கு. நேற்றைய மாலை மார்பில் பாதியை மறைத்துக்கொண்டு கிடந்தது. முகம் நன்றாகத் தெரிந்தது. கன்னத்தில் அந்தக் குழி, தாழ்ந்த இமை. வேட்டியும் துண்டும் யாருடையதோ. கழுத்துக்கு மேலே எதிர் வீட்டு ஃபிட்டர்தான்.

அக்கா படியில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நான் முன்னால் நின்று, மூக்கு எப்படி, காது எப்படி என்று விவரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்கே."

தள்ளி நின்றேன்.